கைரேகையும் அரிசிப் பங்கும்: மின்னணு ஆளுகையின் எண்ணாத விளைவுகள்

அரசு நலத்திட்டம் ஒன்று மின்னணு வழிக்கு மாறும்போது அதன் நோக்கம் ஒன்றாகவும் விளைவு வேறாகவும் அமைவதுண்டு. நோக்கத்தோடு செய்யப்படும் சமூகச் செயல்கள் முன்னறியப்படாத விளைவுகளைத் தருவது ஏன் என்பதை 1936ஆம் ஆண்டுக் கட்டுரையில் ஆராய்ந்த அமெரிக்கச் சமூகவியலாளர் ராபர்ட் மெர்ட்டன், அறியாமை, பிழை, உடனடி நலனிலேயே கவனம் குவிந்துவிடுதல் முதலிய காரணங்களைச் சுட்டினார். இவற்றுள் மூன்றாவது, இந்தியப் பொது விநியோகத் திட்டத்தில் ஆதார் சரிபார்ப்பு புகுந்த வரலாற்றுக்குப் பெரிதும் பொருந்துகிறது.

மானிய உணவு வழங்கலில் இருவகைப் பிழைகள் நேரக்கூடும். தகுதியற்றவரோ இல்லாத ஒருவரோ பட்டியலில் இடம்பெறுவது சேர்ப்புப் பிழை. தகுதியுள்ளவருக்குப் பங்கு கிடைக்காமல் போவது விலக்கப் பிழை. போலிக் குடும்ப அட்டைகள் பற்றிய நெடுநாள் கவலையால் ஆட்சியாளரின் கவனம் முதலாவதிலேயே நிலைத்திருந்தது. 2009இல் ஆதார் எண்ணை வழங்கும் தனித்துவ அடையாள ஆணையம் அமைந்தது. 2016ஆம் ஆண்டு ஆதார்ச் சட்டத்தின் 7ஆம் பிரிவு, மானியம் பெறுவோரிடம் ஆதார் சரிபார்ப்பைக் கோரும் அதிகாரத்தை அரசுக்கு அளித்தது.

நியாயவிலைக் கடைக் கருவியில் ஒரு விற்பனை நிறைவேற, ஆதார் எண் குடும்ப அட்டையோடு சரியாக இணைக்கப்பட்டிருத்தல், ரேகை தெளிவாக விழுதல், இணைய இணைப்பு கிடைத்தல், தொலைவிலுள்ள சர்வர் விடையளித்தல் ஆகிய நான்கும் ஒரே நேரத்தில் கூடிவர வேண்டும். செங்கல் சுமந்து ரேகை தேய்ந்த கட்டடத் தொழிலாளியும், தோல் சுருங்கிய மூதாட்டியும் விரலை முந்தானையில் துடைத்துத் துடைத்து, ஒவ்வொரு விரலாக மாற்றி வைத்தும் கருவி ஏற்காதபோது, நாளைக்கு வாருங்கள் என்ற பதிலோடு திரும்புகின்றனர். மறுமுறை வருவதற்கு ஒரு நாள் கூலி போகிறது. சரிபார்ப்புத் தோல்வி விகித மதிப்பீடுகளாக ஜார்க்கண்டுக்கு 49 விழுக்காட்டையும் ராஜஸ்தானுக்கு 37 விழுக்காட்டையும் 2016-17ஆம் ஆண்டின் பொருளாதார ஆய்வறிக்கையே குறிப்பிட்டது.

இதனினும் கடிய சிக்கல் கணக்கெழுதும் முறையில் உள்ளது. வெறும் பையோடு திரும்பியவரின் பங்கும், போலி அட்டையின் பங்கும் இருப்புப் பதிவேட்டில் வேறுபாடின்றி வாங்கப்படாத அரிசியாகவே நிற்பதால், விலக்கப் பிழையின் ஒரு பகுதி சேமிப்பு என்ற பெயரில் சாதனைப் பட்டியலில் ஏறிவிடுகிறது. ஜார்க்கண்டில் கார்த்திக் முரளிதரன், பால் நீஹவுஸ், சந்தீப் சுக்தங்கர் ஆகிய பொருளியலாளர்கள் நிகழ்த்திய ஆய்வு, ஊழல் குறைந்ததையும், உரிய பயனாளிகளில் 15 முதல் 20 லட்சம் பேர் ஏதோ ஒரு கட்டத்தில் பங்கை இழந்ததையும் ஒருசேரக் காட்டியது.

உரியவர் பங்கை இழப்பதைத் தடுக்க விதிகள் இல்லாமல் இல்லை. ஆதார் எண் ஒதுக்கப்படாதவருக்கு மாற்று அடையாள வழியை ஆதார்ச் சட்டத்தின் 7ஆம் பிரிவே கூறுகிறது. 2013ஆம் ஆண்டு தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 8ஆம் பிரிவு, தானியம் வழங்கப்படாதவருக்கு உணவுப் பாதுகாப்புப் படி பெறும் உரிமையையும், 28ஆம் பிரிவு, பயனாளிகள் கூடித் திட்டத்தின் நடப்பைச் சரிபார்க்கும் சமூகத் தணிக்கையையும் வகுத்துள்ளன. குறை, மெய்ப்பிக்கும் பொறுப்பு யார்மீது சுமத்தப்பட்டுள்ளது என்பதில் இருக்கிறது: கருவி பழுதானாலும், தாம் தாமே என்று நிறுவ வேண்டியவர் பயனாளியாகவே இருக்கிறார்.

இச்சுமையை இடம் மாற்றுவதே ஆளுகையின் முதற்பணியாகும். மாற்று வழி நடைமுறைக்கு வந்த பின்னரே கருவி கட்டாயமாக்கப்பட வேண்டும். நிறைவேறாத ஒவ்வொரு முயற்சியும் கடைவாரியாகப் பதிவாகி மாதந்தோறும் வெளியிடப்பட வேண்டும். எழுத்துவழி அறிவிப்பும் நேர்விசாரணையும் இன்றி எப்பெயரும் நீக்கப்படக் கூடாது. வறுமைக்கோட்டை அளவுகோலாகக் கொள்ளாமல் அனைவருக்குமான பொது விநியோகத்தைக் காத்துவரும் தமிழ்நாட்டில் விலக்கப் பிழைக்கான வாய்ப்பு இயல்பாகவே குறைவு. எனினும் இங்கும் கைரேகைக் கருவி வந்துவிட்டது. 2025 ஆகஸ்டில் தொடங்கிய தாயுமானவர் திட்டம், முதியோரையும் மாற்றுத்திறனாளிகளையும் கடைக்கு வரச் சொல்லாமல் பொருளை அவர்கள் வீட்டுக்கே கொண்டுசெல்வதால், சுமையை அரசு ஏற்பது இயலாத செயலன்று என்பதற்குச் சான்றாகிறது.

எத்தனை போலி அட்டைகள் ஒழிந்தன என்று அறிவிக்கும் அரசு, உரியவர் எத்தனை பேர் வெறுங்கையோடு திரும்பினர் என்பதையும் அதே பக்கத்தில் அறிவிக்கக் கடமைப்பட்டுள்ளது. அவ்விரண்டாம் எண் இல்லாத எந்த அறிக்கையையும் சட்டமன்றமும் தணிக்கைத் துறையும் முழுமையானதாக ஏற்கலாகாது.