சுவான்சோ நகரில் நான்கு நாட்கள்
(நூற்றாண்டு விழாப் பொதுக்கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரை)



இப்பாடசாலையில் ஒரே வகுப்பில் படித்த நாங்கள் மூவரும் இன்று புலமைப்பரிசில் பெற்றுச் சீனாவின் பூஜியன் மாகாணத்தில் படித்து வருகிறோம். ஒரு விடுமுறையில் எங்கள் சீனத் தோழி தன் சொந்த ஊரான சுவான்சோவுக்கு எங்களை அழைத்துச் சென்றாள்.

அவளுடைய அம்மம்மா, தியெகுவான்யின் தேநீரைச் சின்னஞ்சிறு கிண்ணங்களில் ஊற்றித் தந்தார். பாலுமில்லை, சீனியுமில்லை. நாங்கள் கொண்டுபோன இலங்கைத் தேயிலையில் பால்தேநீர் போட்டுக் கொடுத்தோம். ஒரு மிடறு குடித்தவர், "இது தேநீரல்ல, பலகாரம்" என்று சிரித்தார். மறுநாள் சுன்பு என்ற மீனவர் ஊருக்குப் போனோம். அங்கே சிப்பி ஓடுகள் பதித்த சுவர்களையுடைய பழைய வீடுகள் உள்ளன. பெண்கள் கொண்டையைச் சுற்றி வட்டம் வட்டமாகப் பூச்சூடுகிறார்கள். எங்களுக்கும் சூட்டிவிட்டார்கள். பூ வைக்க எங்களுக்கு எவரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை என்பதில் அவர்களுக்கு ஆச்சரியம்.

மூன்றாம் நாள், 686 ஆம் ஆண்டில் தோன்றிய கையுவான் பௌத்த ஆலயத்துக்குச் சென்றோம். பிரதான மண்டபத்தின் பின்புறத்தில் இரண்டு கற்றூண்கள். அவற்றில் இரணியனைக் கிழிக்கும் நரசிம்மரும், மரங்களைச் சாய்க்கும் கண்ணனும்! நாங்கள் பேச்சற்று நின்றோம். சொங், யுவான் காலங்களில் சுவான்சோ பெருந்துறைமுகமாக இருந்தது. அங்கு வந்து தங்கிய தமிழ் வணிகர் கட்டிய கோயில் அழிந்தபின், அதன் கற்களைப் பிற்காலத்தவர் வேறு கட்டடங்களில் சேர்த்துக்கொண்டனர். நகருக்கு அண்மையிலுள்ள ஒரு சிற்றூரில், நாற்கரங்களையுடைய அத்தகைய சிற்பமொன்றை மக்கள் குவான்யின் தெய்வமாக இன்றும் வழிபடுகின்றனர்.

அப்பொழுது தோழி தன் கைத்தொலைபேசியில் ஒரு படத்தைக் காட்டினாள். அது இந்நகரில் கண்டெடுக்கப்பட்ட, 1281 ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு. சம்பந்தப் பெருமாள் என்பவர், மங்கோலிய ஆட்சியாளரான கானின் நலன் வேண்டிச் சிவபெருமானை எழுந்தருளச் செய்ததைக் கூறுவது. "உங்கள் எழுத்துத்தானே, வாசியுங்கள்" என்றாள். உயர்தரப் பரீட்சையில் தமிழுக்கு அதிவிசேட சித்தி பெற்றவரும் எங்களில் இருந்தார். 'சித்திரை' என்ற சொல்லுக்கு அப்பால் எங்களால் போக முடியவில்லை.

அவள் விடவில்லை. "உங்கள் நாட்டில் எங்கள் எழுத்துள்ள கல் இருக்கிறதாமே, பார்த்தீர்களா?" என்றாள்.

கடற்றளபதி செங் ஹேயின் கடற்பயணங்களின்போது காலியில் நாட்டப்பட்ட மும்மொழிக் கல்வெட்டையே அவள் கேட்டாள். 1409 ஆம் ஆண்டைக் குறிக்கும் அக்கல், சீன மொழியில் புத்தருக்கும், தமிழில் தென்னாவர நாயனாருக்கும், பாரசீகத்தில் அல்லாஹ்வுக்கும் அளித்த காணிக்கைகளைச் சொல்கிறது. 1911 இல் கண்டெடுக்கப்பட்டு, இப்போது கொழும்பு தேசிய நூதனசாலையில் உள்ளது. ஒன்பதாம் ஆண்டுச் சுற்றுலாவில் நாங்கள் அந்த நூதனசாலைக்குப் போனவர்களே. பஸ்ஸில் பாடிய பாட்டுகள் நினைவிருக்கின்றன. வெளியில் வாங்கிய ஐஸ்கிறீம் நினைவிருக்கிறது. அந்தக் கல் நினைவில்லை. அதைச் சொல்ல வெட்கமாயிருந்தது. இன்று உங்கள் முன் சொல்லவும் வெட்கமாகவே இருக்கிறது.

இவ்விழாவுக்காக ஊர் திரும்பியதும், வீட்டுக்குப் போகுமுன் நூதனசாலைக்கே போனோம். கல்லின் முன் நெடுநேரம் நின்றோம்.

சுவான்சோவில் வாழ்ந்த அத்தமிழர் சந்ததி எது என்று இன்று பிரித்தறிய முடியாது. அவர்களின் கற்களைப் பாதுகாத்தவர்கள், அவ்வெழுத்தை வாசிக்கத் தெரியாத அயலவர். கனடாவிலும் இலண்டனிலும் அவுஸ்திரேலியாவிலும் வாழும் அக்காமாரே, விடுமுறைக்குப் பிள்ளைகளோடு வரும்போது அந்தக் கல்லின் முன் பத்து நிமிடமேனும் நின்றுவிட்டுப் போங்கள்.

அடுத்த விடுமுறைக்கு எங்கள் தோழி இலங்கை வருகிறாள். சீனப் பகுதியை அவள் வாசிப்பாள். தமிழ்ப் பகுதி எங்கள் பொறுப்பு. பழைய எழுத்துகளை இப்போதுதான் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தொடங்கியிருக்கிறோம். அவள் வருவதற்குள் படித்து முடிக்க வேண்டும்.