சிரிக்கலாம் சகோதரிகளே, ஆனால் யாரைப் பார்த்து?

(அந்தியூரில் நடந்த கூட்டமைப்புப் பொதுக்குழுக் கூட்டத்தின் மதிய அமர்வில், எங்கள் குழு சார்பில் பேசியதன் எழுத்து வடிவம்)



காலையிலிருந்து கடன், தவணை, தணிக்கை என்று கேட்டாச்சு. சாப்பாடும் ஆச்சு. கண்ணு சொக்குகிற நேரம். "ஏதாச்சும் சிரிக்கிற மாதிரி பேசுங்க அம்முணி" என்று தலைவி அக்கா சொன்னார். சரி, சிரிப்பைப் பற்றியே பேசிவிடலாம் என்று வந்திருக்கிறோம். அதிலும் ஒரு தனிச் சிரிப்பு. மட்டமான சினிமாவைப் பார்த்துச் சிரிக்கிற சிரிப்பு. கடைசியில் எங்கள் தப்பு ஒன்றையும் இந்தச் சபையில் ஒத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. அதனால் தூங்கிவிடாதீர்கள்.

பாம்பும் யானையும்

எங்கள் குழுக் கூட்டம் எப்போதும் ஒரு உறுப்பினர் வீட்டு ஆசாரத்தில்தான் நடக்கும். மூலையில் டிவி. 2006ஆம் வருஷம் ஆரம்பித்த அரசு இலவச கலர் டிவி திட்டத்தில் வந்தது. இப்போது அது போய்ப் புதுசு வந்துவிட்டது. ஒரு நாள் சேமிப்பு வசூலித்து, தீர்மான நோட்டில் கையெழுத்துப் போட்டு முடித்தபோது டிவியில் ஒரு பழைய சாமி படம் ஓடிக்கொண்டிருந்தது. பாம்பு ஒன்று வில்லனைத் துரத்துகிறது. துரத்துகிற பாம்பு ரப்பர் பாம்பு. அதை இழுக்கிற கயிறு நன்றாகத் தெரிகிறது. வில்லன் ஓடாமல் நின்று, பாம்பு வந்து சேரும்வரை காத்திருக்கிறார்! ஒரு அக்கா, "ஏனுங்க, அவரு கடிபட்டுட்டுப் போலாம்னு நிக்கறாருங்களா?" என்று கேட்டார். அவ்வளவுதான். சிரித்துச் சிரித்து வயிறு வலித்துப் போனது. வீட்டுக்குப் போக வேண்டியவர்கள் ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டோம்.

இந்தப் படங்களையெல்லாம் நாம் சும்மா கேலி பேசிவிடக் கூடாது. நமக்கும் நம்ம குழந்தைகளுக்கும் என்றே எடுத்த படங்கள் அவை. கோயம்புத்தூரில் பிறந்த சாண்டோ சின்னப்பா தேவர் விலங்குகளை வைத்துப் படம் எடுத்துப் பெயர் வாங்கினார். 1977இல் வந்த அவரது கம்பெனியின் 'ஆட்டுக்கார அலமேலு'வில் ஆடுதான் பாதி கதாநாயகன். அதற்குப் பிறகு இராம நாராயணன் வந்தார். பல மொழிகளில் நூறு படங்களுக்கு மேல் இயக்கியவர், 2014இல் காலமானார். பாம்பு, யானை, குரங்கு என்று எல்லாவற்றையும் நடிக்க வைத்தார். 1990இல் வந்த 'ஆடி வெள்ளி'யைப் பார்க்காத வீடு நம்ம பக்கம் குறைவு.

'அம்மன்' படம் வந்தபோது கடைசிக் காட்சியில் கொட்டகையிலேயே சாமி வந்து ஆடிய பெண்களை எங்களில் சிலர் கண்ணால் பார்த்திருக்கிறோம். அன்றைக்குக் கையெடுத்துக் கும்பிட்ட அதே காட்சியை இன்றைக்கு எங்கள் பேரன் பேத்திகள் பார்த்துச் சிரிக்கிறார்கள். அவர்களோடு நாங்களும் சிரிக்கிறோம். சிரித்து முடித்து, கன்னத்தில் போட்டுக்கொள்கிறோம். இரண்டும் பொய் இல்லை சகோதரிகளே. பக்தி சாமி மேல். சிரிப்பு கிராபிக்ஸ் மேல்.

மட்டமான படம் ஏன் பிடிக்கிறது?

நாங்கள் உட்கார்ந்து இதை ரோசனை செய்து பார்த்தோம். மூன்று காரணம் தோன்றியது.

முதல் காரணம், நல்ல படம் ஓடும்போது பேசினால் பக்கத்தில் இருப்பவர் முறைப்பார். மட்டமான படத்தில் எல்லோரும் பேசலாம். கதை விட்டுப்போகும் என்ற பயமே இல்லை. படம் பாதி, நம்ம பேச்சு பாதி.

இரண்டாவது, எடுத்தவர் நினைத்தது ஒன்று, வந்தது ஒன்று. அழ வைக்க நினைத்த இடத்தில் சிரிப்பு வருகிறது. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய்ப் போன கதைதான். முதன்முதலாக மைசூர்பாகு கிண்டி அரிவாளால் வெட்டியவர்கள் நம்மில் எத்தனை பேர்? அந்த மைசூர்பாகை இன்றும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறோமே, அதே சிரிப்பு.

மூன்றாவது காரணம்தான் முக்கியம். பேங்கில் போனால் "உங்களுக்குத் தெரியாதும்மா" என்கிறார்கள். வீட்டில் மகன், "உனக்கு ஒன்னும் தெரியாதும்மா, செல்லைக் குடு" என்கிறான். நாள் முழுக்கத் தெரியாது தெரியாது என்று கேட்கிற நாம், அந்த ஒரு மணி நேரம் நீதிபதி ஆகிறோம். "இதைவிட நானே நல்லா எடுப்பேன்" என்று சொல்லும்போது ஒரு தெம்பு வருகிறது பாருங்கள், அது டானிக் கடையில் கிடைக்காது.

உலகத்திலேயே பெரிய மட்டம்

இது நம்ம ஊர்ப் பழக்கம் மட்டும் இல்லை. அமெரிக்காவில் 2003இல் 'தி ரூம்' என்று ஒரு படம் வந்தது. டாமி வைசோ என்பவர் தானே எழுதி, தானே தயாரித்து, தானே இயக்கி, தானே கதாநாயகனாகவும் நடித்தார். சோகமான காதல் கதை. ஆனால் பார்த்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பிறகு அதற்கென்றே ராத்திரிக் காட்சிகள் நடந்தன. படத்தில் ஒரு வீட்டில் கரண்டிப் படத்தைச் சட்டம் போட்டு வைத்திருப்பார்கள். ஏன் என்று யாருக்கும் தெரியாது. அந்தக் கரண்டி திரையில் வரும்போதெல்லாம் ஜனங்கள் பிளாஸ்டிக் கரண்டியைத் தூக்கித் திரைமேல் எறிவார்கள்! வைசோவும் அந்தக் காட்சிகளுக்கு நேரில் போய் ஜனங்களோடு நின்றார். அந்தப் படம் எடுத்த கதையையே 2017இல் இன்னொரு படமாக எடுத்தார்கள்.

நம்ம நாட்டிலேயே மகாராஷ்டிராவில் மாலேகாவ் என்று ஒரு ஊர். ஈரோடு, பவானிப் பக்கம் மாதிரி தறி ஓடுகிற ஊர். அங்கே ஷேக் நாசிர் என்பவர், பக்கத்து வீட்டுக்காரர்களையும் தறி ஓட்டுபவர்களையும் நடிக்க வைத்து, 2000ஆம் ஆண்டு வாக்கில் 'ஷோலே' படத்தை மாலேகாவ் பாணியில் எடுத்தார். குதிரைக்குக் காசு இல்லை. கொள்ளைக்காரர்கள் சைக்கிளில் வந்தார்கள். நம்ம குருநாதசாமி நோம்பிக்கு வந்திருந்தால் குதிரைச் சந்தையில் வாடகைக்காவது கேட்டுப் பார்த்திருக்கலாம்! பிறகு 'சூப்பர்மேன்' எடுத்தார்கள். அதில் சூப்பர்மேனாக நடித்தவரும் ஒரு தறித் தொழிலாளி, ஒல்லிக்குச்சி. அவர் பின்னாளில் புற்றுநோயால் இறந்துபோனார். இவர்கள் கதையைத்தான் 'சூப்பர்பாய்ஸ் ஆஃப் மாலேகாவ்' என்று 2025இல் இந்திப் படமாக வெளியிட்டார்கள்.

மாலேகாவ்காரர்கள் நாம் சிரிக்க வேண்டும் என்றே எடுத்தார்கள். கையில் காசு இல்லை, ஆனால் கண்ணில் குறும்பு இருந்தது. அவர்களோடு சேர்ந்துதான் நாம் சிரிக்கிறோம். அதில் ஒரு பாவமும் இல்லை.

ஈரோட்டுக்காரர் ஒருவர்

இப்போது நம்ம ஜில்லாவுக்கு வருவோம். ஈரோட்டில் கூரியர் தொழில் பார்த்த சாம் ஆண்டர்சன் 2007இல் 'யாருக்கு யாரோ' என்ற படத்தில் கதாநாயகனாக நடித்தார். படம் ஓடவில்லை. ஆனால் அவர் ஆடிய பாட்டுகள் யூடியூபில் ஏறின. தமிழ்நாடே பார்த்தது. நாங்களும் பார்த்தோம். பொய் சொல்வானேன், நன்றாகச் சிரித்தோம்.

ஆனால் ஒன்றை யோசியுங்கள். கொட்டகையில் சிரிப்பவர் டிக்கெட் வாங்கிச் சிரிக்கிறார். யூடியூபில் சிரித்தவர்கள் சல்லிக் காசு கொடுக்கவில்லை. சிரித்ததோடு விடவும் இல்லை. அவர் முகத்தை, காலை, ஆட்டத்தை வெட்டி எடுத்து, கெட்ட வார்த்தை சேர்த்து ஊர் முழுக்க அனுப்பினார்கள். அவர் அதற்குப் பிறகும் ஓடி ஒளியவில்லை. வேறு சில படங்களில் சின்ன வேஷங்களில் நடித்தார். ஆடத் தெரியாதவர் ஆடினார், அது சிரிப்பாகப் போனது. அது ஒரு குற்றமா? நாம் முதன்முதலில் மைக்கைப் பிடித்தபோது ஆடாத கால் உண்டா?

எங்கள் தப்பு

இங்கேதான் சகோதரிகளே, எங்கள் கதை வருகிறது.

எங்கள் குழுவில் ஒரு அக்கா. பள்ளிக்கூடம் போனவர் இல்லை. குழுவில் சேர்ந்து கைநாட்டை விட்டுக் கையெழுத்துக்கு வந்தவர். பிறகு எழுத்துக்கூட்டிப் படிக்கவும் கற்றுக்கொண்டார். போன வருஷம் ஊராட்சிக் கூட்டத்தில் குழுவின் வரவு செலவை அவர்தான் படிக்க வேண்டும் என்று நாங்களே எழுப்பி நிறுத்தினோம். நன்றாகத்தான் படித்தார். ஒரே ஒரு இடத்தில், "வாராக்கடன் இல்லை" என்று படிப்பதற்குப் பதிலாக, "வராகக்கடன் இல்லை" என்று படித்துவிட்டார். சபை சிரித்தது. அவரும் சிரித்துவிட்டுத் திருத்திப் படித்து உட்கார்ந்தார். அதோடு போயிருக்க வேண்டும்.

எங்களில் ஒருவர் அதைச் செல்லில் பிடித்திருந்தார். அதை வாட்ஸப்பில் போட்டார். அது எங்கே எங்கேயோ போய், அவர் மகன் வேலை செய்கிற இடத்துக்கே வந்துவிட்டது. மூன்று கூட்டத்துக்கு அந்த அக்கா வரவில்லை. சேமிப்புப் பணத்தை மகளிடம் கொடுத்தனுப்பினார். நாங்கள் வேலை அதிகம் போல என்று நினைத்துக்கொண்டோம். நினைத்துக்கொண்டோம் என்பதும் பொய். எங்களுக்குத் தெரியும்.

கடைசியில் அவர் வீட்டுக்குப் போனோம். காப்பி கொடுத்தார். பிறகு சொன்னார்: "தப்பாப் படிச்சதுக்கு எனக்கு வெக்கம் இல்லீங்க. சபையில நீங்க சிரிச்சப்ப நானுந்தான் சிரிச்சேன். நான் இல்லாத எடத்துல வச்சுச் சிரிச்சீங்களே, அதைத்தான் தாங்க முடியல."

எங்களால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. அன்றைக்குத்தான் சிரிப்பிலும் இரண்டு ஜாதி உண்டு என்று புரிந்தது. முகத்தெதிரே சிரித்து, அவரையும் சேர்த்துக்கொள்கிற சிரிப்பு ஒன்று. முதுகுக்குப் பின்னால் சிரித்து, ஆளையே வீட்டுக்குள் முடக்கிப் போடுகிற சிரிப்பு இன்னொன்று. முதல் சிரிப்பில் அடுத்த தடவையும் மைக்கைப் பிடிக்கத் தைரியம் வரும். இரண்டாவது சிரிப்பில் பத்து வருஷப் பயிற்சி ஒரே நாளில் வீணாகும்.

சிரித்து விட்டுவிடக் கூடாதது

இன்னொன்றையும் சொல்லி முடித்துவிடுகிறோம். மட்டமான படத்திலும் இரண்டு வகை உண்டு. கை மட்டம், மனசு மட்டம். கயிறு தெரிகிற பாம்பு, ஒட்டு மீசை, பகலில் எடுத்த ராத்திரி, இதெல்லாம் கை மட்டம். அதைப் பார்த்து எவ்வளவு வேண்டுமானாலும் சிரிக்கலாம். ஆனால் பெரிய நடிகர், பெரிய செலவு, பளபளப்பான படம். அதில் கதாநாயகன் பெண்ணைக் கன்னத்தில் அறைகிறான், அவள் உடனே அவனைக் காதலிக்கிறாள். "வேண்டாம்" என்று சொல்கிற பெண்ணைத் தெருத் தெருவாகத் துரத்துகிறான், அதற்கு விசில் பறக்கிறது. இது மனசு மட்டம். அங்கே, "சும்மா சினிமாதானே" என்று சிரித்து விடாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிற பையனிடம், "கண்ணு, இது தப்பு" என்று அந்த இடத்திலேயே சொல்லுங்கள். ரப்பர் பாம்பு யாரையும் கடிக்காது. இது கடிக்கும்.

இப்போது எங்கள் குழுவில் ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். மாதத்தில் ஒரு கூட்டம் முடிந்ததும், பொரி, கடலை வைத்துக்கொண்டு ஒரு மட்டமான படம் பார்ப்போம். தீர்மான நோட்டில் மூன்று விதி எழுதிக் கையெழுத்தும் போட்டிருக்கிறோம். படத்தைச் சிரிக்கலாம், நடித்தவரின் நிறத்தையோ உடம்பையோ சிரிக்கக் கூடாது. குழு உறுப்பினர் தவறினால் அவர் முன்னால்தான் சிரிக்க வேண்டும், அவர் சிரித்தால்தான் சிரிக்க வேண்டும். அவர் சம்மதம் இல்லாமல் செல்லில் பிடிக்கக் கூடாது, பிடித்தால் அனுப்பக் கூடாது.

அந்த அக்கா இன்றைக்கு இங்கே மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். அவரிடம் இதை முழுக்கப் படித்துக் காட்டித்தான் மேடைக்கு வந்தோம். "வராகத்தைச் சொல்லட்டுங்களாக்கா, விட்டரட்டுங்களா?" என்று கேட்டோம். "அதை உட்டராதீங்க, அதுதான் நல்லா இருக்குது" என்றார். வருகிற ஊராட்சிக் கூட்டத்தில் வரவு செலவை அவர்தான் படிக்கிறார். எல்லோரும் வாருங்கள். தப்பு வந்தால் சேர்ந்து சிரிப்போம்.