போட்டுக் காட்டுங்கம்மா

என் கிளினிக்குக்குப் பதினைந்து வருஷமாக வரும் ஓர் அம்மா. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இட்லிக் கடை வைத்திருக்கிறார். சர்க்கரை நோய் வந்து நாளாயிற்று. ஐந்து வருஷமாக இன்சுலின் போட்டுக்கொள்கிறார். ஒரு சமயம் அவருக்குச் சர்க்கரை இறங்கவே இல்லை. வெறும் வயிற்றில் 240, 260 என்று நின்றது. இன்சுலினைக் கூட்டினேன். அடுத்த மாதமும் அதே கதை. மறுபடி கூட்டினேன். மூன்றாம் மாதம் கொஞ்சம் கோபமாகவே கேட்டுவிட்டேன்: "வாயைக் கட்டவே மாட்டீங்களாம்மா?" அவர் பதில் பேசவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

அன்றைக்கு என்ன தோன்றியதோ, "ஊசி எப்படிப் போடறீங்க? எனக்குப் போட்டுக் காட்டுங்க" என்றேன். மஞ்சள் பையிலிருந்து பாட்டிலையும் சிரிஞ்சையும் எடுத்தார். மருந்தை ஏற்றினார். புடவையை லேசாக விலக்கினார். கை தானாகத் தொப்புளுக்கு வலப்பக்கம் போய் நின்றது. தொட்டுப் பார்த்தேன். தோலுக்கடியில் எலுமிச்சம்பழம் அளவுக்கு ரப்பர் மாதிரி ஒரு திரட்சி. "இங்க போட்டா வலிக்கவே வலிக்காது சார்" என்றார்.

வலிக்காதுதான். ஒரே இடத்தில் வருஷக்கணக்கில் குத்தினால் அங்கே கொழுப்பு திரண்டுவிடும். உணர்ச்சி மங்கிவிடும். அதற்குள் போகும் இன்சுலின் ஒழுங்காக ரத்தத்தில் சேராது. ஒருநாள் கொஞ்சம் சேரும், இன்னொரு நாள் சேராமல் அங்கேயே கிடக்கும். ஐந்து வருஷமாக இந்த அம்மாவின் ரத்தத்தைப் பார்த்தேன், சீட்டைப் பார்த்தேன். வயிற்றை ஒருமுறைகூடப் பார்க்கவில்லை. இடத்தை மாற்றி மாற்றிப் போடச் சொன்னேன். கூட்டி வைத்திருந்த அளவையும் அன்றைக்கே குறைத்தேன். நல்ல தோலில் இறங்கும்போது மருந்து முழுசாக வேலை செய்யும். பழைய அளவையே போட்டிருந்தால் சர்க்கரை தாழ்ந்து அடுப்படியில் மயங்கி விழுந்திருப்பார்.

இப்படிச் சொல்லித் தருவதற்குப் புத்தகத்தில் பெரிய பெயர் இருக்கிறது: நீரிழிவுச் சுயபராமரிப்புக் கல்வி. பெயர்தான் பெரிது. ஊசியை எங்கே போடுவது, தட்டில் எதை எவ்வளவு வைப்பது, மயக்கம் வந்தால் என்ன செய்வது, காலை எப்படிப் பார்ப்பது, மீட்டர் காட்டும் எண்ணை வைத்துக்கொண்டு என்ன செய்வது. இவ்வளவுதான். இதைச் சொல்லித்தர வேண்டிய இடம் தெருமுனை டாக்டரின் மேஜை என்பது என் கட்சி.

சொல்லித் தருவது புதுசும் இல்லை. அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் எலியட் ஜோஸ்லின் என்று ஒரு டாக்டர் இருந்தார். 1918-இல் சர்க்கரை நோய்க்கு ஒரு கையேடு எழுதினார். டாக்டரும் நோயாளியும் சேர்ந்து பயன்படுத்த என்று தலைப்பிலேயே போட்டார். டொரன்டோவில் இன்சுலினைக் கண்டுபிடித்தது 1921-இல். முதல் ஊசியை ஒரு சிறுவனுக்குப் போட்டது 1922 ஜனவரியில். ஆக, மருந்து வருவதற்கு முன்னாலேயே பாடம் வந்துவிட்டது. இன்றைக்கு மருந்துக்குக் குறைவில்லை. மருந்துக்கடை அலமாரி நிறைந்து கிடக்கிறது. பாடத்தைத்தான் எங்கேயோ தொலைத்துவிட்டோம்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் பெரிய ஆய்வு 2023-இல் வெளியானது. நாட்டில் சர்க்கரை நோயாளிகள் சுமார் 10 கோடிப் பேர், அதன் வாசலில் நிற்பவர்கள் இன்னும் 13 கோடிக்கு மேல் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். இத்தனை பேருக்கும் ஸ்பெஷலிஸ்டுக்கு எங்கே போவது? போகவும் வேண்டியதில்லை. பெரிய ஊர் ஸ்பெஷலிஸ்ட்டிடம் ஃபைல் இருக்கும். வீட்டில் சமைப்பது மருமகளா மாமியாரா, எந்தத் தேதியில் சம்பளம் வரும் என்பதெல்லாம் ஃபைலில் இராது. மாதக் கடைசியில் மாத்திரையைப் பாதியாக உடைத்து நாளை ஓட்டுகிறவர்கள் உண்டு. பெரிய டாக்டரிடம் சொல்லக் கூச்சப்படுவார்கள். என்னிடம் சொல்வார்கள், நான் கேட்டால்.

ஊசி விஷயத்தில் இன்னொன்று. பேனா இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள், இதைக் குறித்துக்கொள்வது நல்லது. நம் ஊரில் சாதாரணமாக விற்கும் இன்சுலின் பாட்டிலில் ஒரு மில்லிக்கு 40 யூனிட் மருந்து. அதற்கான சிரிஞ்சுக்குச் சிவப்பு மூடி. ஒரு மில்லிக்கு 100 யூனிட் உள்ள மருந்தும் உண்டு. அதன் சிரிஞ்சுக்கு ஆரஞ்சு மூடி. 40 மருந்தை ஆரஞ்சு மூடி சிரிஞ்சில் 20 கோடு வரை ஏற்றினால் உடம்புக்குள் போவது 8 யூனிட்தான். மாற்றி, 100 மருந்தைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் 20 கோடு வரை ஏற்றினால் போவது 50 யூனிட். முதல் தப்பில் சர்க்கரை ஏறும், இரண்டாவதில் ஆளே போய்விடலாம். கடையில் எந்தச் சிரிஞ்சைக் கொடுத்தாலும் வாங்கிக்கொண்டு வருகிறோம். பாட்டிலில் 40 என்று இருக்கிறதா, சிரிஞ்சிலும் 40 என்று இருக்கிறதா என்று பார்க்க எழுத்துக்கூட்டத் தெரிய வேண்டாம், எண் தெரிந்தால் போதும். பால் மாதிரி இருக்கும் கலவை இன்சுலினை மோர் கடைவது போலக் குலுக்காதீர்கள். இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து உருட்டுங்கள். ஃபிரிட்ஜ் இருந்தால் கதவுப் பக்கம், ஃப்ரீசரில் வேண்டாம். ஃபிரிட்ஜ் இல்லாவிட்டால் ஈர மணலில் வைத்த மண்பானை போதும். என் நோயாளிகள் பாதிப் பேர் அப்படித்தான் வைத்திருக்கிறார்கள்.

சாப்பாட்டுக்கு வருவோம். இதில் டாக்டர்கள் பெரும்பாலும் தோற்றுப்போகிறோம். "அரிசியைக் குறைங்க" என்று சொல்லி அனுப்புகிறோம். எதைக் குறைப்பது, எப்போது, யார் வீட்டில்? ஒரு பெரியவர் ரொம்பப் பெருமையாகச் சொன்னார், சாதத்தையே விட்டுவிட்டாராம், ராத்திரி சப்பாத்திதானாம். எத்தனை என்று கேட்டேன். ஐந்து. கோதுமையிலும் மாவுச்சத்துதான் இருக்கிறது, ராகியிலும் அதேதான். ராகிக் கஞ்சியைச் சொம்பு நிறையக் குடித்துவிட்டு மருந்து குடித்த மாதிரி நினைப்பவர்கள் உண்டு. தட்டில் பாதிக்குக் காய், கீரை. கால் பங்குக்குப் பருப்போ சுண்டலோ முட்டையோ மீனோ. மீதிக் கால் பங்கில் சாதமோ சப்பாத்தியோ களியோ, உங்கள் இஷ்டம். பாகற்காய் ஜூஸும் வெந்தயமும் சாப்பிடுகிறவர்கள் சாப்பிடட்டும், மாத்திரையை நிறுத்தாத வரைக்கும்.

இட்லிக் கடை அம்மாவிடம் என்னுடைய தட்டுக் கணக்கு செல்லவில்லை. அவர் தட்டில் சாப்பிடுவதே இல்லை. விடியற்காலை நாலு மணிக்கு அடுப்பு மூட்டுகிறவர். கூட்டம் தீர்ந்து பத்து மணிக்கு மிஞ்சின இட்லியை நின்றபடியே சாப்பிடுவார், ஆறோ ஏழோ. தூக்கிப்போட மனசு வராது. நான் யோசித்து யோசித்து ஒன்றும் சொல்ல முடியாமல், "நீங்களே சொல்லுங்கம்மா, என்ன பண்ணலாம்?" என்றேன். கொஞ்ச நேரம் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்: "கடைசி ஈட்டை ஊத்தாம நிறுத்திடறேன் சார். மிஞ்சினாத்தானே திங்கறேன்?" மிஞ்சாமல் இருந்தால் ஏழரை மணிக்கே இரண்டு இட்லி, நிறையச் சாம்பாரோடு தனியாக எடுத்து வைத்துக்கொள்வதாகவும் அவரே சொன்னார். எந்தப் புத்தகத்திலும் நான் படிக்காத வைத்தியம்.

சர்க்கரை தாழ்வது பற்றி நாங்கள் போதுமான அளவு சொல்வதில்லை, ஏறுவதைப் பற்றியே பேசிப் பயமுறுத்துகிறோம். ஊசியோ, சில வகை மாத்திரையோ போட்டுக்கொண்டு சாப்பாடு தள்ளிப்போனால் வியர்க்கும், கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும், எரிச்சலாகப் பேசுவார்கள். மீட்டரில் 70-க்குக் கீழே வந்தால் அதுதான். மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வேண்டும். பதினைந்து நிமிஷம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். சரியாகாவிட்டால் இன்னொரு தடவை. சரியானதும் சாப்பிட வேண்டும். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்கள். என்னிடம் வரும் ஆட்டோக்காரர் ஒருவர் காக்கிச் சட்டைப் பையில் குளுக்கோஸ் பொட்டலம் இல்லாமல் வண்டி எடுப்பதில்லை. ஏகாதசியோ ரம்ஜானோ நோன்பு இருக்கிறவர்கள் முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லி மருந்தை மாற்றிக்கொள்ள வேண்டும்.

கால். உச்சிவெயிலில் கோயில் பிராகாரத்தைச் சுற்றிவிட்டு, கொப்புளம் வந்ததே தெரியாமல் வீட்டுக்கு வருகிறவர்கள் இருக்கிறார்கள். நரம்பு மரத்துவிட்டால் சூடு தெரியாது, முள் தெரியாது. ராத்திரி படுக்கப் போகும்முன் பாதத்தைப் பாருங்கள். குனிய முடியாவிட்டால் கண்ணாடியைத் தரையில் வையுங்கள், அல்லது பேரனைப் பார்க்கச் சொல்லுங்கள்.

இதெல்லாம் சொல்லிக்கொடுத்தால் பலன் உண்டா என்று கேட்கலாம். பிரிட்டனில் டெஸ்மண்ட் என்றொரு ஆய்வு நடந்தது, 2008-இல் முடிவு வந்தது. புதிதாகச் சர்க்கரை நோய் கண்டவர்கள் 824 பேர். ஒரு பகுதியினருக்கு அவரவர் குடும்ப டாக்டர் வட்டாரத்திலேயே குழுவாக உட்காரவைத்து 6 மணி நேரப் பாடம். ஒரு வருஷம் கழித்துப் பார்த்தார்கள். பாடம் கேட்டவர்களின் எடை அதிகம் குறைந்திருந்தது, சிகரெட்டை விட்டவர்கள் அதிகம், மனச்சோர்வு குறைவு. ஆனால் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையில் பெரிய வித்தியாசம் இல்லை. இந்த முடிவை மறைத்துப் பேசுவது எனக்குப் பிடிக்காது. ஒருநாள் திருவிழாவாகப் பாடம் நடத்திவிட்டு விட்டுவிட்டால் போதாது என்றுதான் நான் அதை எடுத்துக்கொள்கிறேன். மாதாமாதம் மாத்திரை வாங்க வருகிறவருக்கு மாதாமாதம் ஒரு விஷயம் சொல்லலாம். ஒன்றே ஒன்று. சொல்லிவிட்டு, "வீட்டுக்குப் போய்ப் பொண்ணுகிட்ட என்ன சொல்வீங்க, எனக்குச் சொல்லுங்க" என்று கேட்கிறேன். தப்பாகச் சொன்னால் நான் சரியாகச் சொல்லவில்லை என்று அர்த்தம். சாயங்காலம் அறுபது பேர் காத்திருக்கும்போது இதற்கெல்லாம் நேரம் எங்கே என்று சக டாக்டர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. மூன்று மாதம் வீணாக இன்சுலினைக் கூட்டிக்கொண்டிருந்த நேரத்தையும் அந்தக் கணக்கில் சேர்க்கச் சொல்கிறேன்.

நம் மாநிலத்தில் 2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி, கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் மக்களைத் தேடி மருத்துவம் என்ற திட்டம் தொடங்கியது. சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. 2024-இல் ஐக்கிய நாடுகள் சபையின் விருதும் கிடைத்தது. நல்ல திட்டம். மாத்திரை கொண்டுவரும் தன்னார்வலப் பெண் அந்தத் தெருக்காரர். அடுப்படி வரைக்கும் போய்ப் பேசக்கூடியவர். எனக்கு அந்த இடம் கிடையாது. மாத்திரையோடு மாதம் ஒரு பாடத்தையும் அவர் கையில் கொடுத்தனுப்பினால் நான் ரொம்பச் சந்தோஷப்படுவேன்.

உங்களிடம் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். அடுத்த தடவை உங்கள் டாக்டரிடம் போகும்போது ரிப்போர்ட்டை மட்டும் எடுத்துப் போகாதீர்கள். இன்சுலின் பாட்டில், சிரிஞ்சு, மாத்திரைப் பை எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டில் சமைக்கிறவரையும் கூட்டிப்போங்கள். டாக்டர் கேட்காவிட்டால் நீங்களே கேளுங்கள்: "சார், ஊசி போட்டுக் காட்டவா, சரியாப் பாருங்க."