குட்டியானை வந்த வழி

மேல்சித்தாமூர் என்னும் பெயரைக் கேட்டவுடன், தமிழ்ச் சமணர்களின் தலைமை மடமும் பார்சுவநாதர் கோயிலின் கோபுரமுமே பலருக்கு நினைவில் எழும். செஞ்சிக் கோட்டையைக் காண வரும் மாணவர்கள் ஒரு பிற்பகலை ஒதுக்கினால் இவ்வூரையும் கண்டு செல்லலாம். ஆயினும் இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் கோயிலும் அன்று, கோட்டையும் அன்று. எங்கள் ஊர்த் தெருக்களில் நாள்தோறும் நெல்லும் மணிலாவும் ஏற்றிக்கொண்டு செஞ்சி ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்துக்குப் போய்வரும் ஒரு சிறு சரக்கு வண்டியே இன்றைய பேச்சின் பொருள். மக்கள் அதற்கு இட்ட பெயர் குட்டியானை. இந்தக் குட்டியானையின் பிறப்பு வரலாற்றைத் தேடிப் போனால் ஜப்பான் நாடு வரையில் போகவேண்டியிருக்கிறது.

இதை ஆராய வேண்டிய தேவை எனக்கு ஒரு கேள்வியினால் ஏற்பட்டது. எங்கள் ஊரில் உழவுத் தொழில் செய்யும் என் தமக்கை மகன், ஜப்பானிய உழவர்கள் வயல் வரப்பில் ஓட்டிச் செல்லும் சின்னஞ்சிறு லாரி ஒன்றைக் கைப்பேசியில் படமாகக் கண்டான். முப்பது ஆண்டு பழைய வண்டி, ஆனால் துருவேறாதது, நான்கு சக்கரங்களுக்கும் விசை செல்வது, விலையோ நம் ஊரில் ஒரு நல்ல மோட்டார் சைக்கிளுக்குக் கொடுப்பதைவிடச் சற்றே கூடுதல். "மாமா, இதைக் கப்பலில் வரவழைத்து நம் ஊரில் பதிவு செய்துகொள்ள முடியாதா? முன்பணம் அனுப்பச் சொல்கிறார்கள்" என்று கேட்டான். அவன் அனுப்பவிருந்த பணம் அவ்வாண்டின் மணிலா விளைச்சலில் கிடைத்த பணம். ஆகவே தெரிந்த மட்டில் ஒரு பதிலைச் சொல்லிவிட்டு ஒதுங்க எனக்கு மனம் வரவில்லை. சட்டத்தை எடுத்து வைத்துக்கொண்டு படிக்கலானேன்.

முதலில் அந்த வண்டி ஏன் அவ்வளவு சிறியதாக இருக்கிறது என்பதைக் காண்போம். ஜப்பானிய மொழியில் இதனைக் 'கெய்' வண்டி என்பார்கள். கெய் என்றால் இலேசானது என்று பொருள். இரண்டாம் உலகப் போரில் நொடிந்து போன அந்நாட்டில், சிறு கடைக்காரரும் உழவரும் தாங்கக்கூடிய விலையில் மோட்டார் வண்டி கிடைக்கவேண்டும் என்று கருதி, 1949இல் இந்த வகையை அரசாங்கமே விதி வகுத்து உண்டாக்கியது. எஞ்சினின் கொள்ளளவுக்கு விதித்த வரம்பு 1955இல் 360 கன சென்டிமீட்டராக இருந்தது. 1976இல் 550 ஆகவும், 1990இல் 660 ஆகவும் உயர்ந்தது. இன்றைய விதிப்படி வண்டியின் நீளம் 3.4 மீட்டரையும், அகலம் 1.48 மீட்டரையும், உயரம் 2 மீட்டரையும் தாண்டக்கூடாது. 350 கிலோவுக்குமேல் ஏற்றவும் கூடாது. இந்த எல்லைக்குள் அடங்கும் வண்டிக்கு வரி குறைவு. நாட்டுப்புறங்கள் பலவற்றில், 'வண்டி நிறுத்த எனக்கு இடம் உண்டு' என்று சான்று காட்டவேண்டிய கட்டாயமும் இல்லை. சொந்த உபயோகத்திற்கான கெய் வண்டியின் எண் பலகை மஞ்சள் நிறம். நம் நாட்டில் மஞ்சள் பலகை வாடகை வண்டிக்கும் சரக்கு வண்டிக்கும் உரியது என்பதை நீங்கள் அறிவீர்கள். ஒரே நிறம், கடல் கடந்தால் பொருள் வேறு!

இந்த அளவுகளைக் கையில் வைத்துக்கொண்டு வண்டியின் உருவத்தைப் பாருங்கள். 3.4 மீட்டர் நீளத்துக்குள் ஓட்டுநரும் உட்காரவேண்டும், சரக்கும் ஏறவேண்டும் என்றால், முன்னால் மூக்கு நீட்டிக்கொண்டிருக்க இடம் ஏது? ஆகவே ஓட்டுநரை முன் சக்கரங்களின்மேல் உட்காரவைத்தார்கள். பெரும்பாலான வண்டிகளில் எஞ்சினை அவரது இருக்கைக்கு அடியில் தள்ளினார்கள். எஞ்சிய நீளம் முழுவதையும் மூன்று பக்கமும் திறந்து இறக்கக்கூடிய தட்டையான மேடையாக்கினார்கள். தைஹாட்சு கம்பெனியின் ஹைஜெட் 1960இல் வந்தது; சுசுகியின் கேரியும் சுபாருவின் சாம்பரும் 1961இல் வந்தன. ஹோண்டா கம்பெனி முதன்முதலாக விற்ற நான்கு சக்கர மோட்டார் வண்டியே 1963இல் வெளியிட்ட ஒரு சிறு லாரிதான் என்பது வியப்புக்குரிய செய்தி. இவ்வளவு கம்பெனிகளின் வண்டிகளும் உடன்பிறப்புக்களைப் போல் ஒரே சாயலில் இருப்பதற்குக் காரணம் சட்டம் வரைந்து கொடுத்த அந்தச் சட்டகமே ஆகும்.

இனி நம் நாட்டுக்கு வருவோம். மோட்டார் வாகனச் சட்டம், 1988இன் 39ஆம் பிரிவு, பதிவு செய்யப்படாத வண்டியை எவரும் ஓட்டக்கூடாது என்கிறது. "சாலைக்கே கொண்டு போகமாட்டேன், மாமா, நம் நிலத்துக்குள்ளேயே ஓட்டிக்கொள்கிறேன்" என்றான் பையன். சட்டம் எழுதியவர்கள் அதையும் எண்ணிப் பார்த்திருக்கிறார்கள். பொது இடத்திலோ வேறு எந்த இடத்திலோ ஓட்டக்கூடாது என்பதே அப்பிரிவின் கருத்து. பதிவு இல்லையேல் காப்புறுதி இல்லை. மூன்றாம் நபர் காப்புறுதி இல்லாத வண்டி ஒருவர்மீது மோதிவிட்டால் இழப்பீடு முழுவதும் உரிமையாளர் தலையில் விழும். எங்கள் பக்கத்தில் அதற்குப் பொருள், நிலத்தை விற்பது என்பதே.

சரி, பதிவு செய்துகொள்வோம் என்றால், அதற்கு முன் வண்டி நாட்டுக்குள் முறைப்படி வந்திருக்க வேண்டும். பழைய வண்டியை இறக்குமதி செய்வதற்கு இந்திய அரசின் இறக்குமதிக் கொள்கையில் நிபந்தனைகள் பல உண்டு. வண்டி உற்பத்தியாகி மூன்று ஆண்டுகளுக்கு மேற்பட்டிருக்கக் கூடாது. சுக்கான் வலப்பக்கம் இருக்கவேண்டும். வேகமானி கிலோமீட்டரில் காட்டவேண்டும். ஜப்பானிலும் நம்மைப் போலவே இடப்பக்கமாகச் செல்பவர்கள் ஆதலால் இவ்விரண்டும் அந்த வண்டிகளில் இயல்பாகவே அமைந்துள்ளன. இன்னும் ஐந்து ஆண்டுகள் சாலையில் ஓடத்தக்கது என்ற உறுதியும், அதுவரையில் பழுது பார்க்கும் வசதி கிடைக்கும் என்ற உறுதியும் தேவை. ஏற்றுமதி செய்யும் நாட்டிலேயே சோதனைச் சான்று பெறவேண்டும். இங்கு வந்தபின் புனேயில் உள்ள ஆராய்ச்சிச் சங்கம் போன்ற நிலையங்களில் மறுபடியும் சோதனை. எல்லாவற்றுக்கும் மேலாக, பம்பாய்த் துறைமுகம் ஒன்றின் வழியாகவே அது இறங்கலாம். சென்னைத் துறைமுகம் நமக்கு எவ்வளவு அருகில் இருந்தாலும் பயனில்லை.

வரியை ஒரு நொடியில் சொல்லிவிடுகிறேன். வண்டியின் விலை, கப்பல் கட்டணம், காப்புறுதிக் கட்டணம் ஆகிய மூன்றையும் கூட்டிச் சுங்கம் விதிப்பார்கள். சுங்கத்தையும் சேர்த்த தொகையின்மேல் சரக்கு சேவை வரி வரும்.

இந்த நிபந்தனைகளில் முதலாவதே நம் பையனின் கணக்கைக் கவிழ்த்துவிட்டது. அவன் படத்தில் கண்டது மலிவாகக் கிடைத்ததற்குக் காரணம் அது பழையது என்பதே. மூன்று ஆண்டுக்குட்பட்ட வண்டி ஜப்பானிலேயே மலிவு அன்று. வரத்தக்கது மலிவாக இல்லை; மலிவாக இருப்பது வரத்தக்கதாக இல்லை. போதாக்குறைக்கு, 1-4-2020 முதல் இங்கே நடைமுறையில் உள்ள பாரத் ஸ்டேஜ் ஆறு என்னும் புகைக் கட்டுப்பாடும் இருக்கிறது. 1990களில் செய்த எஞ்சின் அதற்கு எப்படி ஈடுகொடுக்கும்?

பின் அந்தப் படங்களில் உலகெங்கும் ஓடும் கெய் லாரிகள் எங்கே பதிவாகின்றன என்று கேட்பீர்கள். அமெரிக்காவில் 25 ஆண்டு கடந்த வண்டிக்கு அந்நாட்டுப் பாதுகாப்பு விதிகளிலிருந்து விலக்கு உண்டு. கனடாவில் 15 ஆண்டு. நம் விதிக்கு நேர் எதிர் என்பதைக் கவனியுங்கள்: இங்கே புதியது வரலாம், பழையது வரக்கூடாது, அங்கே பழையது வரலாம், புதியது வரக்கூடாது. அப்படி வந்த வண்டிகளுக்கும் அங்கே முழு நிம்மதி இல்லை. நாட்டுக்குள் விடுவது மத்திய அரசு, சாலையில் விடுவது மாநில அரசு ஆதலால், சில மாநிலங்கள் பதிவு தர மறுத்தன. முன்பு தந்த பதிவை நீக்கியதும் உண்டு. டெக்சாஸ் மாநிலம் 2024இல் மனம் மாறிப் பதிவுக்கு இடம் கொடுத்தது. இலங்கையில் நிலை வேறு. அங்கே ஜப்பானின் பழைய வண்டிகள் நெடுங்காலமாக வந்து இறங்கின. 2020 மார்ச்சில் அன்னியச் செலாவணித் தட்டுப்பாட்டினால் இறக்குமதி நின்றது. 2025 பிப்ரவரியில் மீண்டும் கதவு திறந்தது. ஒரு துறைமுகத்தின் கதவை நம்பி ஒரு நாட்டின் சரக்குப் போக்குவரத்து நிற்பது எத்தகையது என்பதை அந்த ஐந்தாண்டுகள் காட்டின.

இந்தியாவுக்கு ஜப்பானியச் சிறு வண்டி கப்பல் வழியாக வரவில்லை. தொழிற்சாலை வழியாக வந்தது. 1982இல் மாருதி உத்யோக் நிறுவனம் சுசுகியோடு உடன்படிக்கை செய்துகொண்டது. 1983 டிசம்பரில் மாருதிக் கார் வெளிவர, அடுத்த ஆண்டே மாருதி வேன் வந்தது. அது சுசுகி கேரியின் உருவமே. முன் இருக்கைக்கு அடியில் எஞ்சின் இருந்ததை அதில் பயணம் செய்தவர்கள் கால் சூட்டால் அறிந்திருப்பார்கள். ஜப்பானில் 550 கன சென்டிமீட்டருக்குள் கட்டுண்டு கிடந்த உருவம், இங்கே அந்தக் கட்டு இல்லாமையால் 796 கன சென்டிமீட்டர் எஞ்சினோடு வந்தது. பிறகு ஓம்னி என்று பெயர் பெற்று, பள்ளிப் பிள்ளைகளையும் பால் கேன்களையும் நோயாளிகளையும் சுமந்து, 2019இல் ஓய்வு பெற்றது. அதே 1980களில் டொயோட்டா, மாஸ்டா, மிட்சுபிஷி, நிசான் ஆகிய நான்கு கம்பெனிகளும் இந்தியக் கூட்டாளிகளுடன் இலகு ரக லாரிகள் செய்தன. நல்ல வண்டிகள்தாம், ஆனால் பத்து மூட்டை நெல் உள்ளவனுக்கு அவை பெரியவை.

பத்து மூட்டைக்கான வண்டி 2005 மே மாதத்தில் வந்தது. டாடா கம்பெனியின் ஏஸ் அது. இண்டிகாக் காரின் நான்கு உருளை டீசல் எஞ்சினைப் பாதியாக்கியது போல் இரண்டு உருளை, சுமார் 700 கன சென்டிமீட்டர், 16 குதிரைத் திறன். அன்றைய விலை ஏறத்தாழ இரண்டே கால் லட்சம் ரூபாய். சுமை 750 கிலோ. எங்கள் பக்கத்து 75 கிலோ மூட்டையில் சரியாகப் பத்து. ஜப்பானிய வண்டியின் 350 கிலோவில் நான்கு மூட்டை ஏற்றினால் ஐந்தாவதற்கு இடமில்லை. முப்பது கிலோ மூட்டையாகவே அரிசியைக் கட்டும் ஜப்பானிய உழவருக்கு அது பொருந்தும், நமக்குப் பொருந்தாது. வடநாட்டில் இதைச் 'சோட்டா ஹாத்தி' என்கிறார்கள். யாழ்ப்பாணத்தில் 'பட்டா' என்பார்கள். 2011இல் அசோக் லேலண்டும் நிசானும் சேர்ந்து ஓசூரில் தோஸ்த் வண்டியைச் செய்தன. 2016இல் சுசுகி கேரியும் சூப்பர் கேரி என்ற பெயரில் சரக்கு வண்டியாகவே திரும்பி வந்தது.

ஜப்பானிய வண்டிக்கு 1949இன் விதி எப்படியோ, நம் குட்டியானைக்கு ஒரு விதி அப்படி. மொத்த எடை 3,000 கிலோவுக்கு மேற்படாத சரக்கு வண்டிக்கு பெர்மிட் தேவையில்லை என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 66ஆம் பிரிவு. பெர்மிட்டுக்காக அலுவலகம் அலுவலகமாக அலையும் வேலை ஒழிந்தது. படித்துவிட்டு ஊரில் இருக்கும் ஓர் இளைஞன் கடன் வாங்கி ஒரு வண்டி வைத்துத் தொழில் தொடங்குவதற்கு இதைக் காட்டிலும் பெரிய உதவி வேறில்லை என்று நான் கருதுகிறேன். ஓட்டும் உரிமத்திலும் ஒரு தெளிவு ஏற்பட்டது: இலகு ரக மோட்டார் வண்டி உரிமம் உள்ளவர், மொத்த எடை 7,500 கிலோ வரையிலான சரக்கு வண்டியையும் தனி அனுமதியின்றி ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் 2024 நவம்பரில் தீர்ப்பளித்தனர்.

என் தமக்கை மகன் முன்பணம் அனுப்பவில்லை. ஆறாண்டு பழைய குட்டியானை ஒன்றை வாங்கினான். நான்கு சக்கர விசை அதில் இல்லை என்ற குறை அவனுக்கு இன்றும் உண்டு; ஐப்பசி மழையில் ஏரிக்கரை வழியே போகும்போது அந்தக் குறை நியாயமானதே. உரிமை மாற்றத்துக்காக வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்கு அவனுடன் நானும் போனேன். 29ஆம் படிவமும் 30ஆம் படிவமும், முந்தைய உரிமையாளரின் கடன் தீர்ந்ததற்கு 35ஆம் படிவமும், பதிவுச் சான்று, காப்புறுதி, புகைச் சான்று ஆகியவையும் வேண்டும். தகுதிச் சான்று எட்டாண்டு வரையில் இரண்டாண்டுக்கு ஒரு முறை, அதன்பின் ஆண்டுதோறும். பழைய வண்டி வாங்குகிறவர்கள் விலையைப் பேசும் முன்பே அதன் காலக்கெடுவைப் பார்த்துவிடவேண்டும். எல்லாத் தாள்களுக்கும் மேலாக நான் அவனை வற்புறுத்தியது ஒன்றுதான். வண்டியின் அடிச்சட்டத்தில் பொறித்திருக்கும் எண்ணின்மேல் ஒரு மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்தால் எண் அப்படியே தாளில் எழும். அதைப் பதிவுச் சான்றோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டு முடித்த பிறகே அவன் பணத்தை எண்ணிக் கொடுத்தான்.