நம் தெருவில் உறங்குகிறவர்கள்



வள்ளலார் 1867இல் வடலூரில் பசித்தவர்களுக்காக மூட்டிய அடுப்பு இன்றும் அணையவில்லை. பிறந்தநாளோ திவசமோ, சாப்பாட்டுப் பொட்டலம் கட்டி நடைபாதைக்கு எடுத்துப் போகிற மனசு சென்னைக்கு உண்டு. அதை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் சோறு கொடுத்ததும் கடமை தீர்ந்தது என்று நினைக்கிறோமே, அங்கேதான் எனக்கு வருத்தம். பொட்டலத்தை நீட்டும்போது நடைபாதையில் உறங்குகிறவர்களை வழிப்போக்கர்களாகவே பார்க்கிறோம். அவர்களோ நம் தெருக்காரர்கள்.

ஜார்ஜ் டவுனில் தலைமுறை தலைமுறையாக நடைபாதையிலேயே குடும்பம் நடத்துகிறவர்கள் இருக்கிறார்கள். கடைகளின் ஷட்டர் இறங்கினால்தான் அவர்களுக்குப் பாய் விரிக்க இடம். காலையில் ஷட்டர் ஏறுவதற்குள் பாயைச் சுருட்டி, பாத்திரங்களைக் கோணிப்பையில் கட்டிவிட வேண்டும். பெண்கள் விடியுமுன்பே தார்ப்பாய் மறைவில் உடுத்திய துணியோடு குளித்து முடிக்கிறார்கள். 2011 பிப்ரவரி 28ஆம் தேதி இரவு எடுத்த மக்கள்தொகைக் கணக்கில் நாடு முழுவதும் இப்படி வீடில்லாதவர்கள் 17 லட்சத்துக்கும் மேல். தேர்தல் ஆணையம் இவர்களை ஊரார் என்று ஏற்றுக்கொண்டிருக்கிறது. வீடில்லாதவர் வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்க விண்ணப்பித்தால், வாக்குச்சாவடி நிலை அலுவலர் இரவில், ஒரு தடவைக்கு மேலாகவே, அந்த இடத்துக்குப் போய்ப் பார்க்க வேண்டும். அவர் அங்கேதான் உறங்குகிறார் என்பது உறுதியானால் வேறு முகவரிச் சான்று வேண்டியதில்லை. அரசாங்க ஏடு ஒப்புக்கொண்ட ஒருவரை, பக்கத்து மாடியில் இருக்கும் நாம் ஏன் ஒப்புக்கொள்ளவில்லை?

"உழைத்துப் பிழைக்கலாமே" என்பார்கள். மூட்டை தூக்குவது, மீன்பாடி வண்டி மிதிப்பது, பூக் கட்டுவது, நாம் வீசும் குப்பையைப் பிரிப்பது என்று உழைக்கிறவர்கள்தான் அவர்களில் ஏராளம். இந்த ஊர் வாடகைக்கு அந்தக் கூலி எட்டவில்லை. "மாநகராட்சிக் காப்பகம் இருக்கிறதே" என்பது அடுத்த கேள்வி, நியாயமான கேள்வி. லட்சம் பேருக்கு ஒரு காப்பகம், அதுவும் வருஷம் முழுக்க, என்பது உச்ச நீதிமன்ற உத்தரவின் வழியே வந்த அளவுகோல். ஆதரவற்ற முதியவருக்கும் மனநலம் குன்றியவருக்கும் காப்பகம் பெரிய துணை. ஆனால் ஆண்களுக்கு ஓரிடம், பெண்களுக்கு வேறிடம் என்றால் குடும்பம் பிரிய வேண்டும். விடிகாலை வேலைக்குப் போகிறவர் சந்தையை விட்டுத் தூரமாகப் போய்ப் படுக்க முடியாது. வண்டியையும் அங்கே நிறுத்த முடியாது. "நடைபாதை நடப்பவர்களுக்குத்தானே?" ஆமாம். 1985இல் பம்பாய் நடைபாதைவாசிகள் வழக்கிலும் நடைபாதையில் குடியிருக்கும் உரிமையை உச்ச நீதிமன்றம் தரவில்லை. ஆனால் பிழைப்புக்கான உரிமை உயிர்வாழும் உரிமைக்குள் அடக்கம் என்று அதே தீர்ப்பு சொன்னது. அப்புறப்படுத்திப் பிழைப்புக்கு எட்டாத தூரத்தில் குடிவைத்தால் அவர்கள் திரும்பி வரத்தான் செய்வார்கள். ஆகவே வேலை இருக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே, குடும்பமாகத் தங்கும்படி இடம் கேட்க வேண்டியது நாம்தான்.

அதற்குப் பெரிய நிதி திரட்ட வேண்டாம். உங்கள் வார்டில் மக்கள் குறைகளைச் சொல்லும் பகுதி சபை அடுத்த முறை கூடும்போது, உங்கள் தெரு நடைபாதையில் உறங்கும் குடும்பங்களுக்கும் தகவல் சொல்லி அழைத்துப் போங்கள். முன்வரிசையில் நாற்காலி போடுங்கள். பொதுக் கழிப்பறை இரவில் எத்தனை மணிக்குப் பூட்டப்படுகிறது என்ற கேள்வியை அந்தத் தாய்மாரே கேட்கட்டும்.