காது படிக்காத பாடம்

(பழைய மாணவர் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



ஆங்கில இலக்கியத்தில் நான் முதல் வகுப்பு. ஆனாலும் முதல் இன்டர்வியூவில் அதிகாரி கேட்ட கேள்வி விளங்காமல் பேந்தப் பேந்த முழித்தேன். எழுதிக் காட்டியிருந்தால் நாலு பக்கம் பதில் எழுதியிருப்பேன்! தாளில் தனித்தனியாக நிற்கிற சொற்கள் பேச்சில் ஒட்டிக்கொள்ளும். அது என் காதுக்குப் பழக்கமில்லை. வேலை போச்சு.

நாகர்கோவிலுக்குத் திரும்பி, சித்தப்பாவின் ரேடியோவைப் பிடித்தேன். 'வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா' 1959-ல் தொடங்கிய 'ஸ்பெஷல் இங்கிலீஷ்' சிற்றலையில் வரும். சுமார் 1,500 சொற்களுக்குள், நிறுத்தி நிதானமாக வாசிப்பார்கள். இரைச்சலில் ஒரு வரி தப்பினால் தப்பினதுதான். ஒரு வருஷம் விடாமல் கேட்டேன். அடுத்த இன்டர்வியூவில் தேறினேன்.

இன்றைக்கு பி.பி.சி.யின் 'சிக்ஸ் மினிட் இங்கிலீஷ்' செல்போனில் இலவசம். பேச்சின் எழுத்து வடிவமும் உண்டு. ஆனா மக்களே, எழுத்தை முதலில் பார்க்காதீங்க. ரெண்டு தடவை வெறுமனே கேளுங்க. பிறகு வாசித்து, தப்பின சொல்லைக் குறிச்சுக்கிட்டு, மறுபடி கேளுங்க.

தோவாளை, அகஸ்தீஸ்வரம் பக்கத்துப் பிள்ளைகள் கையிலும் போன் இருக்கு, சொல்லிக்கொடுக்கத்தான் ஆளில்லை. நாம ஆளுக்கொரு பிள்ளையை உட்கார வைத்து, தினம் ஆறு நிமிஷம் கூட இருந்து கேட்போம். நான் முழித்த முழி அவர்களுக்கு வேண்டாம்.