நரம்பின் நாசமும் சுண்டெலியின் சாட்சியமும்

(சங்கத்தின் மாதாந்தரக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



கல்வி நிதியையும் கலியாணச் செலவையும் பற்றி ஆலோசிக்கக் கூடும் இச்சபையில், இன்று ஒரு நோயைக் குறித்துப் பேசுமாறு காரியதரிசி அவர்கள் என்னைப் பணித்தார்கள். அது நம் முன்னோர் குஷ்டம் என்று அஞ்சிய தொழுநோய். அதன் பெயரைச் சபையில் உச்சரிக்கவே கூசுவோர் உண்டு. கூச்சத்தால் இந்நோய் வளர்ந்ததேயன்றித் தேய்ந்ததில்லை. ஆகவே சற்றுச் செவிசாய்க்க வேண்டுகின்றேன்.

மாமல்லபுரத்துக் கடற்கரையில் வாழ்வோர்க்கும் பாலாற்றங்கரையில் வாழ்வோர்க்கும் செங்கற்பட்டே ஜில்லாவின் தலைநகர். அந்நகரை அடுத்த திருமணியில் 1924-ம் ஆண்டில் ‘லேடி வில்லிங்டன்’ தொழுநோய் வைத்தியசாலை ஏற்பட்டது. 1955-ல் இந்திய சர்க்கார் அதனை ஏற்று, மத்திய தொழுநோய்ப் போதனை ஆராய்ச்சி நிலையமாக்கினர். நம்மவர் பலர் அதன் மதிலைக் கடக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டனர். ஆனால் உலக வைத்திய சாஸ்திரத்தின் போக்கையே மாற்றிய ஓர் எண்ணம் அம்மதிலுக்குள்தான் முளைத்தது.

1947-ல் டாக்டர் ராபர்ட் காக்ரேன் என்பார், வேலூர் வைத்தியக் கல்லூரியில் ரணசிகிச்சை நிபுணராக இருந்த டாக்டர் பால் பிராண்டை அங்கே அழைத்துச் சென்றார். விரல்கள் கொக்கிபோல் மடங்கிய நோயாளி ஒருவரைத் தம் கையைப் பிடித்து அழுத்துமாறு பிராண்ட் கேட்டார். பிடி தளர்ந்திருக்கும் என்று எண்ணினார். அதுவோ வலிக்கும்படி இறுகியது. அப்படியாயின் கையின் சதை முழுவதும் அழுகிப் போகவில்லை. சில நரம்புகள் மடிந்தன, சில பிழைத்திருந்தன. பிழைத்த தசையின் நாணை எடுத்து மடிந்த தசையின் வேலைக்கு மாற்றிக் கட்டும் ரணசிகிச்சை அடுத்த ஆண்டில் வேலூரில் தொடங்கியது. மடங்கிய விரல்கள் நிமிர்ந்தன.

இதிலிருந்து நாம் அறியத்தக்கது யாதெனில், இந்நோய் விரலைத் தின்பதில்லை, நரம்பைக் கெடுக்கின்றது. முழங்கையின் பின்புறம் ஓடும் நரம்பு கெட்டால் சுண்டுவிரலும் மோதிரவிரலும் மடங்கும். முழங்காலின் பக்கத்து நரம்பு கெட்டால் பாதம் தொங்கும். உணர்ச்சியற்ற கை சுடுபாத்திரத்தைப் பற்றும்; உளி பிடிக்கும் சிற்பியின் விரல் காயத்தை அறியாது; வலை இழுக்கும் பரதவரின் உள்ளங்கை கயிற்றால் அறுபட்டும் நோகாது. வலி என்னும் காவற்காரன் போனபின், காயங்களும் புண்களுமே அங்கத்தைக் குறைக்கின்றன.

நரம்பு கெடும் விதத்தை அறிய விலங்கொன்று வேண்டியிருந்தது. 1873-ல் நார்வே தேசத்து ஹான்ஸென் கண்ட இக்கிருமி, இன்றளவும் சோதனைச்சாலையில் செயற்கை உணவில் வளர்வதில்லை. 1960-ல் அமெரிக்கரான ஷெப்பர்டு, சுண்டெலியின் பாதத்தில் அதனை வளர்த்துக் காட்டினார். இக்கிருமி குளிர்ந்த இடத்தை நாடுவது. எலியின் பாதமோ உடலின் பிற பாகங்களினும் குளிர்ந்தது. சில ஆயிரம் கிருமிகளைச் செலுத்தினால் அவை பத்து லட்சமாக ஏறக்குறைய ஆறு மாதம் ஆகும். ஏனெனில் ஒன்று இரண்டாகப் பிரிய 12 முதல் 14 நாள் பிடிக்கும். நம் திருமணி நிலையத்திலும் இம்முறை கையாளப்பட்டுள்ளது.

அச்சிற்றுயிர் சொன்ன சாட்சியம் பெரிது. டாப்ஸோன் என்னும் ஒரே மருந்தை நெடுநாள் கொடுத்ததில் சில நோயாளிகளுக்குக் குணம் நின்றுபோயிற்று. மருந்தைச் சரியாக உட்கொள்ளவில்லை என்று அவர்கள்மீதே பழி விழக்கூடும். 1964-ல் மலேயா நாட்டு நோயாளிகளின் கிருமிகளைச் சுண்டெலியில் சோதித்தபோது, கிருமியே மருந்தை வென்றுவிட்டது என்பது ருசுவாயிற்று. இந்த அநுபவத்தின் பயனாகவே பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் முறையை 1981-ல் உலக சுகாதார ஸ்தாபனம் விதித்தது. ஆறு மாதம் அல்லது பன்னிரண்டு மாதத்தில் சிகிச்சை முடிகின்றது, மருந்து இலவசம்.

2002-ல் ரம்புக்கன என்னும் ஆராய்ச்சியாளரின் குழுவினர், நோயை எதிர்க்கும் முக்கிய அணுக்கள் இல்லாத சுண்டெலிகளின் நரம்பிலும் இக்கிருமி நரம்பைச் சூழ்ந்த கொழுப்பு உறையைக் கழற்றிவிடுவதைக் கண்டனர். மின்கம்பியின் உறை கழன்றது போலாம் அது. எனினும் எலி முழுச்சாட்சி அன்று. மனிதனுக்கு நேரும் நரம்பு வீக்கமும் ஊனமும் அதற்கு அவ்வாறே நேர்வதில்லை. முதியோரின் நினைவைப் போக்கும் அல்ஸைமர் நோயிலும் இதே நிலைமைதான். அந்நோய்க்கென வளர்க்கப்படும் பலவகைச் சுண்டெலிகளின் மூளையில் புரதப் படிவு திரண்டும், மனித மூளையிற்போல் நரம்பணுக்கள் பெருவாரியாக மடிவதில்லை. ஆதலால் எலியில் பலித்ததெல்லாம் நமக்குப் பலிக்கும் என்று துள்ளுவதும் பிழை. எலியால் ஆவதென்ன என்று இகழ்வதும் பிழை.

மகாஜனங்களே! எலியால் சொல்ல இயலாததொன்று உண்டு. அது மனிதரின் மறைவு. பெண்ணுக்கு வரன் தேடும் வேளையில் உடம்பில் உணர்ச்சியற்ற வெளிர்படை தோன்றினால், வீட்டார் வைத்தியரிடம் காட்டாமல் ரவிக்கைக்குள் மறைக்கின்றனர். சம்பந்தம் கைநழுவும் என்னும் அச்சமே காரணம். கிருமியை மருந்து கொல்லும். இறந்த நரம்பை அது எழுப்பாது. நரம்பு பலவீனம் கண்ட ஆறு மாதத்திற்குள் சிகிச்சை செய்தால் பெரும்பாலும் மீட்கலாம். அதன்பின் மீட்பது அரிது. ஒரு முகூர்த்தத்துக்காக மறைத்து, ஆயுள் முழுதும் ஒரு கையை இழப்பது எவ்வகை லாபம்?

சட்டமும் நம்மை முந்திவிட்டது. நோயாளியை அடைத்துவைக்க வகை செய்த 1898-ம் வருஷத்துச் சட்டம் 2016-ல் ரத்தாயிற்று. தொழுநோயைக் காரணங்காட்டி விவாகரத்துப் பெறும் விதியும் 2019-ல் நீக்கப்பட்டது. சட்டம் விட்ட பழியை நம் சங்கத்தார் பிடித்துக்கொண்டிருத்தல் தகுமோ?

ஆகவே இரண்டு விண்ணப்பங்கள். உணர்ச்சியற்ற படையோ, விரலில் மரமரப்போ கண்டால் அவ்வாரமே சர்க்கார் ஆஸ்பத்திரியில் காட்டுங்கள். சிகிச்சை முடித்தவர் வீட்டில் பெண் கொள்ளவும் கொடுக்கவும் தயங்காதீர்கள். இவ்விரண்டையும் இச்சபை தீர்மானமாக ஏற்குமாயின், அதுவே என் பேச்சுக்குக் கிடைக்கும் பெரும் சன்மானம்.